ரிவைண்ட் அக்காவும் ஒரு ‘அ-அ’வும்

கண்களை மூடிக்கொண்டு வலது காலால் பெடலை மிதிக்கிறார். ஒலிப்பதிவு மூன்று விநாடி பின்னால் போகிறது. கேட்கிறார். உதட்டைச் சுழிக்கிறார். மறுபடி மிதிக்கிறார். யாரோ ஒருவர் யாரோ ஒருவரிடம் ஆங்கிலத்தில் ‘நோப்’ என்று சொல்லியிருக்கிறார். அதை இவர் ஏழாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

“ஒரு தடவை கேட்டா போதாதா அக்கா?” என்று கேட்கிறேன்.

“சொன்னவன் ஒரு தடவைதான் சொன்னான். அதனாலதான் நான் ஏழு தடவை கேக்கறேன்.”

அலுவலகத்தில் அவருக்கு ‘ரிவைண்ட் அக்கா’ என்று பெயர். தொலைபேசி விசாரணைகள், மருத்துவர்களின் குறிப்புகள், கூட்டங்களில் பேசப்பட்டவை என்று பல இடங்களிலிருந்தும் ஒலிப்பதிவுகள் எங்களுக்கு வரும். எல்லாம் ஆங்கிலம். கேட்டு, தட்டெழுதி, அனுப்ப வேண்டும். நாங்கள் ஆறு பேர். கீழே சாவி செய்யும் கடை, மேலே பல் மருத்துவர். மேலே துளை போடும் சத்தம் தொடங்கினால் அக்கா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் சத்தத்தோடு சத்தமாக அடித்துத் தள்ளுவார்கள். அவர் அசையமாட்டார். “அரைகுறையாக் கேட்டுட்டு முழுசா எழுதறதுக்கு எனக்குத் தைரியம் இல்லப்பா.”

வயது ஐம்பதை நெருங்குகிறது. கணவர் பேருந்து ஓட்டுகிறார். பத்தாம் வகுப்பில் ஒரு மகள். சந்தேகம் என்பது சிலருக்குக் குணம், சிலருக்கு நோய். இவருக்கு அது ஒரு வீட்டு வேலை போல. தினமும் செய்தாக வேண்டும், செய்தால்தான் மனசு அடங்கும். அலுவலகப் பாலைக் காப்பியில் ஊற்றுமுன் முகர்ந்து பார்ப்பார். ‘இப்பத்தான் வாங்கினது அக்கா’ என்று யாராவது சொல்லிவிட்டால் இரண்டு தடவை முகர்வார். மேனேஜர் பாராட்டினால், அவர் போன பிறகு என் பக்கம் சாய்ந்து, “எதுக்கா இருக்கும்?” என்பார். தொலைபேசியில் ‘ஆமாம்’ என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ‘பேசறது நீங்கதானே மேடம்?’ என்று எவராவது கேட்டால், “உங்களுக்கு யாரு வேணும்?” என்றுதான் பதில் வரும்.

“என் ஆமாமை வெட்டி எடுத்து எங்க ஒட்டுவானோ, யாரு கண்டா? நாமளே பார்க்கறோமே, குரல்னா இப்பெல்லாம் துணி மாதிரி. எப்படி வேணா தைக்கலாம்.”

அவர் படித்த பாடப் புத்தகத்து ஆங்கிலத்தில் மறுப்பதற்கு ஒரே சொல்தான் இருந்தது. ‘நோ’. மரியாதையாக மறுக்க வேண்டுமானால் பின்னால் ஒரு நன்றி. அந்த ஒற்றைச் சொல்லோடு இந்த வேலைக்கு வந்தவருக்கு முதல் வாரமே தலை சுற்றியது. ஒருவர் ‘நா’ என்கிறார். “நா-ன்னா நாக்குதானே, நாக்குக்கு என்னங்க ஆச்சுன்னு நினைச்சேன்.” இன்னொருவர் ‘நோப்’ என்கிறார். அது யாரோ ஓர் ஆளின் பெயர் என்று எண்ணி, மரியாதையாகப் பெரிய எழுத்தில் தொடங்கி அடித்திருக்கிறார். அன்று சாயங்காலம் வீட்டில் மகளிடம், “நோப்புங்கறது யாருடி?” என்று கேட்க, மகள் தரையில் உட்கார்ந்து சிரித்தாளாம்.

இன்று நிலைமை வேறு. ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயிலிருந்து வரும் ‘இல்லை’களை இவரைப் போலப் பிரித்தறிய எங்களில் எவருக்கும் தெரியாது. ‘நோப்’ என்று பட்டென்று உதட்டை மூடினால் பேச்சு முடிந்தது, மேலே கேட்காதே என்று பொருள். ‘நா’ சொல்கிறவனுக்குக் கோபமில்லை, அக்கறையுமில்லை. ‘நோ வே’ என்பவனை அவர் நம்பவே மாட்டார். “இவ்வளவு பலமா மறுக்கறான்னா எங்கயோ இடிக்குது.” ‘யா, நோ’ என்று ஒன்று இருக்கிறது. ‘ஆமாம்’ போலத் தொடங்கி ‘இல்லை’யில் முடியும். “பஸ்ல ஏறிட்டு அப்படியே இறங்கிக்கறது.” இவை எல்லாவற்றையும்விட அவர் பயப்படுவது ‘யா, ரைட்’ என்பதற்கு. இரண்டு சொல்லும் ஆமாம்தான். இழுத்துச் சொன்னால் மொத்தமும் இல்லை. “பாரு, எவ்வளவு அழுத்தம்! வீட்டுக்குள்ள விடற மாதிரி விட்டுட்டு வாசலைச் சாத்தறான்.”

மகளுக்கு இதனால் வீட்டில் பெரிய தொல்லை. ‘வீட்டுப்பாடம் இருக்கா?’ என்றால் அவள் ‘நோப்’ என்பாள். அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். ‘நோ...ப்’ என்று கொஞ்சம் நீட்டிவிட்டால் பை திறக்கப்படும். பாவம், அந்தப் பெண் இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை. தலையை மட்டும் அசைக்கிறாளாம். “அதையும் கவனிச்சுட்டுத்தான் இருக்கேன்” என்றார் அக்கா.

என் வேலையை இங்கே சொல்ல வேண்டும். தட்டெழுதுகிறவர்கள் கேட்டது கேட்டபடி அடிப்பார்கள். அது முதல் பிரதி. வாடிக்கையாளர்களுக்கு அது வேண்டாம். அவர்களுக்கு இருமல், திக்கல், முனகல் எதுவும் இல்லாத சுத்தப் பிரதி வேண்டும். ‘நோப்’, ‘நா’ எல்லாம் ஒரேயடியாக ‘நோ’ ஆக வேண்டும். ‘யெப்’, ‘யா’ எல்லாம் ‘யெஸ்’ ஆக வேண்டும். அப்படித் துடைத்து மேனேஜரிடம் கொடுப்பவன் நான்; வெளியே அனுப்புவது அவர். ஆறு வருடமாகச் செய்கிறேன். அக்காவுக்கு என் வேலையே பிடிக்காது. “அழுக்கை எடுக்கறேன்னு ஆளையே எடுத்துடறீங்க தம்பி” என்பார். நான் சிரித்துக்கொள்வேன். எனக்கு அவர் கொஞ்சம் அதிகப்படி என்றுதான் எண்ணம். ஒரு சொல்லை ஏழு தடவை கேட்கிறவர் அதில் இல்லாததையும் கேட்கத் தொடங்கிவிடுவார் என்று மற்றவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பிரிண்டரிலிருந்து காகிதம் எடுக்கப் போன அக்கா திரும்பி வரவில்லை. நின்ற இடத்திலேயே படித்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றின் விசாரணைப் பதிவு அது. அவர்களுடைய விசாரணை அலுவலகம் எங்கள் ஊரில்தான் இருந்தது. அட்டை வெட்டும் இயந்திரத்தில் கையைக் கொடுத்து இரண்டு விரல் நுனிகளை இழந்த ஒரு பெண்ணிடம், அதிகாரி தொலைபேசியில் கேட்ட கேள்விகளும் அவள் பதில்களும். பத்து நாள் முன்பு அக்காதான் அதைத் தட்டெழுதியிருந்தார். தொழிற்சாலை இன்னொரு நகல் கேட்டிருந்தது. அந்தப் பெண்ணே தவற்றை ஒப்புக்கொண்டதால் வேலையிலிருந்து நீக்கிவிட்டோம், அந்தக் கோப்பில் சேர்க்க வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள்.

அக்கா காகிதத்தை என் மேஜைமேல் வைத்து ஒரு வரியில் விரலை ஊன்றினார். இயந்திரத்தின் பாதுகாப்பு மூடியை நீங்களே கழற்றினீர்களா என்று கேள்வி. பதில்: ‘யெஸ்’.

“அந்தப் பொண்ணு இப்படிச் சொல்லல.”

“பத்து நாள் ஆச்சே அக்கா. எப்படி ஞாபகம்?”

“பல்லைக் கடிச்சுட்டுப் பேசின பொண்ணு. வாயைத் திறந்தா அழுதுடுவோம்னு பேசறவங்க குரல் அது. ‘அ-அ’ன்னா. நான் அப்படியேதான் அடிச்சேன். யாரோ கை வச்சிருக்காங்க.”

‘அ-அ’ என்பது ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயைச் சரியாகத் திறக்காமலே சொல்லும் ‘இல்லை’. அதற்கு ஓர் இரட்டைப் பிள்ளை உண்டு. ‘அ-ஹா’. அது ‘ஆமாம்’. ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டுக்கும் ஒரு ‘எச்’ எழுத்துதான் வித்தியாசம்.

அக்காவின் சந்தேகம் நேரே மேனேஜர் மேல் பாய்ந்தது. போன வாரம் தொழிற்சாலை அதிகாரி வந்தபோது மேனேஜர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார், எப்போதும் சாத்தாதவர். அதிகாரி போகும்போது மேனேஜர் வாசல்வரை வந்து வழியனுப்பினார், எப்போதும் எழாதவர். சொல்லச் சொல்ல எனக்கும் அப்படித்தான் பட்டது. உள்ளபடி சொன்னால், எனக்கு அது உற்சாகமாகவே இருந்தது. “இருக்கும் அக்கா, அவரு செய்யக்கூடிய ஆளுதான்” என்று நானும் இரண்டு வார்த்தை போட்டேன்.

“கோப்பை யாரு கடைசியாத் தொட்டதுன்னு கம்ப்யூட்டர்ல தெரியுமில்ல? பாருங்க.”

பார்த்தேன். மாலை நாலு ஐம்பத்திரண்டு. என் பெயர்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுதிக் காட்ட முடியாது. கோபம் இல்லை. ஹெட்போனில் எதையோ கேட்கும்போது இருக்கும் முகம் அது. என்னை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

“யாரு சொல்லி மாத்துனீங்க தம்பி?”

“யாரும் சொல்லல அக்கா. சத்தியமா. அன்னைக்கு நாப்பது பக்கம். கண்ணால பார்த்துட்டே மாத்திட்டுப் போயிருப்பேன். நீங்க தப்பா அடிச்சிருக்கலாமில்ல?”

அவர் முதல் பிரதியைத் திறந்து காட்டினார். தெளிவாக ‘அ-அ’ என்றே இருந்தது. நான் உடனே அடுத்த சாக்குக்குப் போனேன். நம் பேச்சில் ‘ம்’ என்றால் சரி, நடுவில் ‘ஹ’ போட்டு ‘ம்ஹும்’ என்றால் இல்லை. அவர்களுக்கு அது தலைகீழ். ‘ஹ’ வந்தால்தான் ஆமாம். தமிழ்க் காது அல்லவா, புரண்டுவிட்டது என்றேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

“காதா? நீங்க எங்க தம்பி காதால கேட்டீங்க? கண்ணால பார்த்தேன்னு இப்பத்தானே சொன்னீங்க.”

நான் முதல் பிரதியை மூடினேன்.

“கவனக்குறைவுன்னே வச்சுக்குவோம். ஆனா கவனக்குறைவு எப்பவும் ஒரே பக்கமா விழுதே, அது எப்படின்னு எனக்குச் சொல்லுங்க.”

அந்தக் கேள்வி என்னைச் சாப்பிட விடவில்லை. மறுநாள் மதிய இடைவேளையில், எல்லோரும் வெளியே போனதும், என் பழைய கோப்புகளை எடுத்தேன். அவர் சொன்னது தப்பு என்று நிரூபிக்கத்தான் எடுத்தேன். மூன்று மாதத்தில் பதினோரு ‘அ-அ’ வந்திருந்தன. எட்டைச் சரியாக ‘நோ’ என்று மாற்றியிருந்தேன். மூன்றை ‘யெஸ்’ என்று. அந்த எட்டுப் பேரும் யாரென்று பார்த்தேன். மருத்துவர்கள், கணக்குத் தணிக்கையாளர், ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர். அவர்கள் சொன்னதை நான் ஒலியைப் போட்டுக் கேட்டிருக்கிறேன். எந்த நிமிடம் கேட்டேன் என்றுகூடக் கம்ப்யூட்டர் குறித்து வைத்திருந்தது. மற்ற மூவரில் ஒருவர் மாடிப்படி துடைக்கும் பெண், ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளி, ஒருத்தி இந்த அட்டைப்பெட்டிக்காரி. இவர்களுடைய ஒலியை நான் திறக்கவே இல்லை. பெரிய மனிதர் கேள்வி கேட்கிறார், இவர்கள் ‘ஆமாம்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று என் கை தானாக முடிவு கட்டியிருக்கிறது.

அக்கா திரும்பி வந்ததும் மூன்று காகிதங்களையும் அவர் முன் வைத்தேன். படித்தார். ‘நான்தான் சொன்னேனே’ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. “மேனேஜரை நான் சந்தேகப்பட்டது தப்பு” என்றார். கொஞ்சம் யோசித்து, “இந்த விஷயத்துல” என்று சேர்த்துக்கொண்டார்.

நோயாளிக்கும் மாடிப்படிப் பெண்ணுக்கும் திருத்தம் அனுப்புவதில் சிக்கல் இல்லை. தொழிற்சாலைதான் மல்லுக்கு நின்றது. அதிகாரி நேரிலேயே வந்தார். மேனேஜர் அறையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். ஸ்பீக்கரில் அந்த ஒற்றை ஒலியைப் போட்டார்கள். தொலைபேசி இணைப்பின் இரைச்சல், அதற்குள் ஒரு சின்ன முனகல்.

“ஆமாம்னுதான் சொல்றா” என்றார் அதிகாரி. மேனேஜர் என்னையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எனக்கும் அப்படித்தான்... ரெண்டு விதமாவும் கேக்குது” என்றார்.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “சார், உங்க உள்ளங்கையை வாய்க்கு முன்னால வைங்க. நீங்களும் சார். இப்ப ‘அ-ஹா’ன்னு சொல்லுங்க.”

டை கட்டிய அதிகாரி தயங்கினார். பிறகு கையை வைத்துச் சொன்னார். மேனேஜரும் சொன்னார்.

“கையில காத்துப் பட்டுதா? இப்ப ‘அ-அ’ சொல்லுங்க. படலையில்ல? ஆமாம்னு சொல்றப்ப மூச்சு வெளிய வரும். இல்லைன்னு சொல்றப்ப தொண்டைக்குள்ள கதவு சாத்திக்கும். நடுவுல ஒரு வெட்டு விழும். மறுபடி கேளுங்க.”

கேட்டோம். வெட்டு விழுந்தது. ஒரு முறை கேட்ட பிறகு அதைக் கேட்காமலிருக்க முடியவில்லை.

அதிகாரி கையை இறக்கிக்கொண்டார். “அந்தப் பொண்ணையே கூப்பிட்டு இன்னொரு தடவை கேட்டுட்டா போச்சு. எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?”

“வேலையை விட்டு நிறுத்திட்டுக் கேப்பீங்க. அவ பயத்துல எதை வேணா சொல்லுவா. அன்னைக்குச் சொன்னதுதான் சார் பதில்.”

“சுத்தப் பிரதி உங்க ஆபீஸ் குடுத்ததுதானே? அதை வச்சுத்தானே நாங்க முடிவெடுத்தோம்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் பார்க்கவில்லை. மேஜை விளிம்பில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் மறுபடி நழுவிவிடுவேன் என்றே அவர் எண்ணியிருக்க வேண்டும். அப்படி எண்ண அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது.

“நான் ஒலியைக் கேக்காமலே மாத்திட்டேன் சார்” என்றேன். “அந்தப் பொண்ணு இல்லைன்னுதான் சொல்லியிருக்கு. எழுதித் தர்றேன்.”

திருத்தக் கடிதத்தில் நான் கையெழுத்திட்டேன். அக்காவும் இட்டார். மேனேஜர் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். பெரிய வாடிக்கையாளர், போய்விட்டால் யார் பதில் சொல்வது என்ற கவலை அவருக்கு. அக்கா குரலை உயர்த்தவில்லை. “போட வேண்டாம் சார், பரவாயில்லை. ஏன் போடலைன்னு மட்டும் ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க. கோப்புல வச்சுக்கறேன்.” மேனேஜர் கையெழுத்திட்டுவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து அதே தொழிற்சாலையிலிருந்து புதிய ஒலிப்பதிவுகள் வந்தன. மறுவிசாரணை. மெக்கானிக் ஒருவர், வேகமாக வெட்டுவதற்காக மூடியைக் கழற்றி விபத்தன்று இரண்டு வாரம் ஆகியிருந்தது, ஃபோர்மேன் சொல்லித்தான் நானே கழற்றினேன் என்று சொல்லியிருந்தார். ஃபோர்மேன் முதலில் ‘நோ வே’, பிறகு ‘நோப்’, பிறகு ‘நா’ என்று தேய்ந்துகொண்டே வந்து, கடைசியில் பேசாமலிருந்தார். அந்த மௌனத்தை எத்தனை விநாடி என்று அக்கா அடைப்புக்குறிக்குள் எழுதினார்.

கடைசிப் பதிவு அந்தப் பெண்ணுடையது. உங்கள்மேல் தவறில்லை என்று தெரிந்துவிட்டது, வருந்துகிறோம், திங்கள்கிழமையிலிருந்து வேலைக்கு வரலாம் என்று புதிய அதிகாரி ஒருவர் மென்மையாகச் சொல்கிறார். வருகிறீர்களா?

‘நா’ என்றாள் அவள்.

அக்காவுக்கு நெற்றி சுருங்கியது. வற்புறுத்திச் சொல்ல வைத்திருப்பார்களோ? பக்கத்தில் யாராவது இருந்தார்களோ? ஒலியைக் கூட்டி, அவள் பேசிய அறையின் சத்தம் முழுவதையும் துழாவினார். வேறு மூச்சு இல்லை. தூரத்தில் ஒரு குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஹெட்போனை என்னிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னார். கேட்டேன். பல் கடிபடாத குரல். கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது போலிருந்தது.

“வேற எங்கயோ வேலை கிடைச்சிருக்கும்னு நினைக்கறேன் அக்கா.”

“தெரியாது. ஆனா சொந்தமாச் சொன்னதுதான்” என்றார்.

அந்தக் கோப்பை நான் சுத்தம் செய்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒலியைப் போட்டுக் கேட்டேன். பன்னிரண்டு பக்கத்துக்கு ஒரு முழு நாள் ஆனது. அச்சடித்து அவர் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன்.

“எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் அக்கா எழுதியிருக்கேன். இப்பவாவது என்னை நம்பறீங்களா?”

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். உட்காரச் சொல்லிப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார். பிறகு இழுப்பறையிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்து, முதல் பக்கத்தின் முதல் வரிக்குக் கீழே வைத்தார்.